வேதியியல் எந்த இடத்தில் கைநழுவுகிறது?

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் ஒரு மாணவரிடம் கொதிக்கிற நீரைக் காட்டி, அதிலிருந்து எழும்பி வருகிற குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். காற்று என்பார்கள் சிலர். இன்னும் சிலர், அதுவும் பாடத்தை ஒழுங்காகப் படிக்கிறவர்கள், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார்கள். ஆஸ்போர்ன், காஸ்குரோவ் என்ற இருவர் நியூசிலாந்து மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு 1983இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் மூத்த வகுப்பு மாணவர்களிலும் பலர் இப்படித்தான் சொல்லியிருந்தார்கள். குமிழிக்குள் இருப்பது நீராவி, அதாவது நீரேதான். மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயிருக்கின்றன, அவ்வளவுதான், எந்த மூலக்கூறும் உடையவில்லை. இதில் என்னை உறுத்துவது என்னவென்றால், இந்தத் தவறு படிக்காததால் வருவதில்லை. 'எச் டூ ஓ' என்று படித்த பிறகுதான் வருகிறது. படிக்காத குழந்தைக்கு ஹைட்ரஜன் என்ற பெயரே தெரியாது.

வேதியியலை மாணவர்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கண்காட்சி, வினாடி வினா, சுவரொட்டி, வெடித்துப் புகைவிடும் மேடைச் சோதனை என்றே யோசனைகள் வருகின்றன. 2011ஐ ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டு வேதியியல் ஆண்டாக அறிவித்தது, 2019ஐத் தனிம வரிசை அட்டவணையின் ஆண்டாக அறிவித்தது, இரண்டும் நல்ல விஷயங்கள்தான். ஆனால் ஒரு பிள்ளை வேதியியலை நேசிப்பதா, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவதா என்பது தீர்மானமாவது அந்த விழா நாட்களில் இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில், ஒரு சாதாரண நாளில், சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது. அந்த ஐந்து நிமிடத்தைச் சரிசெய்யாமல் எத்தனை விழா எடுத்தாலும் பயன் குறைவு என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அந்த ஐந்து நிமிடத்தில் நடப்பது என்ன? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் இதற்கு மிகத் தெளிவான ஒரு விளக்கம் கொடுத்தார். வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் நடக்கிறது என்றார் அவர். கண்ணால் பார்ப்பது ஒன்று, கண்ணுக்கே தெரியாத அணுக்களும் மூலக்கூறுகளும் அயனிகளும் (மின்னூட்டம் பெற்ற துகள்கள்) இன்னொன்று, அவற்றை எழுதிக் காட்டும் குறியீடுகள் மூன்றாவது. ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகள் போல. காப்பர் சல்பேட் கரைசலில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டுவைத்தால் கொஞ்ச நேரத்தில் ஆணியின் மேல் செம்பழுப்பாகப் படிகிறது, நீல நிறம் மெல்ல வெளுக்கிறது. இது முதல் மூலை. இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைசலுக்குள் போகின்றன, அந்த எலக்ட்ரான்களைத் தாமிர அயனிகள் வாங்கிக்கொண்டு அணுக்களாக வந்து ஒட்டுகின்றன, இது இரண்டாவது. இடப்பக்கம் இரண்டு பொருள், வலப்பக்கம் இரண்டு பொருள் என்று நடுவில் அம்புக்குறி போட்டு எழுதுவது மூன்றாவது. பழகிய ஆசிரியருக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். ஆணியைப் பார்க்கும்போதே சமன்பாடு தெரிகிறது, சமன்பாட்டைப் பார்க்கும்போதே அயனிகள் தெரிகின்றன, அதனால் ஒரே வாக்கியத்துக்குள் மூன்று மூலைக்கும் தாவிவிட்டுத் தான் தாவியதே தெரியாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை முதல் மூலையிலேயே நிற்கிறது.

மனிதர்கள் ஒரே சமயத்தில் மனதில் வைத்துப் புரட்டக்கூடிய புதுத் தகவல்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. மூன்று தளத்தையும் ஒன்றாக இறக்கினால் அந்த இடம் நிரம்பி வழிகிறது. நிரம்பி வழியும்போது பிள்ளைகள் செய்வது மிகவும் நியாயமான ஒரு காரியம்: புரிந்துகொள்ளும் முயற்சியை விட்டுவிட்டுக் குறியீட்டை மட்டும் மனப்பாடம் செய்வது. தேர்வுக்கு அது போதுமே. ஆக, சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவது பெரும்பாலும் வேறு வழியில்லாமல் செய்யும் தற்காப்பு.

குறியீட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சமன் செய்வதில் வரும் ஒரு தவறைச் சொல்லலாம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உண்டாகும் சமன்பாட்டில் வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைகிறது. அதைச் சரிக்கட்ட, நீரின் சூத்திரத்துக்குள்ளேயே ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டுவிடுகிறார்கள். கணக்கு சரியாகிவிட்டது, இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகிறது. ஆனால் இப்போது அங்கே இருப்பது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு! முன்னால் போடும் எண் எத்தனை மூலக்கூறு என்பதையும் கீழே போடும் எண் ஒரு மூலக்கூறுக்குள் எத்தனை அணு என்பதையும் சொல்கின்றன என்று நூறு தடவை சொன்னாலும் இது நிற்காது. வட்டங்களாக வரையச் சொன்னால் நின்றுவிடும். இரண்டு இரண்டாக ஒட்டிய சின்ன வட்டங்கள், இரண்டு இரண்டாக ஒட்டிய பெரிய வட்டங்கள், அவற்றைப் பிரித்து மாற்றி ஒட்டு, எதையும் மிச்சம் வைக்காதே, புதிதாக எதையும் வரவழைக்காதே. பத்து நிமிட வேலை. சமன்பாடு அதற்கு அப்புறம் வரட்டும், தான் வரைந்ததைச் சுருக்கி எழுதும் வழியாக வரட்டும்.

1987இல் நூரன்பர்ன், பிக்கரிங் என்ற இருவர் கல்லூரியில் பொது வேதியியல் படிப்பவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். வாயு விதிக் கணக்குகளைப் பெரும்பாலோர் போட்டுவிட்டார்கள். பிறகு எஃகுத் தொட்டி ஒன்றில் ஹைட்ரஜன் வாயு இருப்பதைப் புள்ளிகளாக வரைந்து காட்டி, 20 டிகிரியிலிருந்து மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் புள்ளிகள் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். அது அப்போதும் வாயுதான், தொட்டி முழுக்கப் பரவித்தான் இருக்கும். இதில் கணிசமானவர்கள் தடுமாறினார்கள். கணக்குப் போடத் தெரிவதும் வேதியியல் புரிவதும் ஒன்றல்ல என்பதை இதைவிட எளிமையாகக் காட்ட முடியாது என்றே நினைக்கிறேன்.

இதோடு சொற்களின் சிக்கல் வேறு, தமிழில் கற்பிக்கிறவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். பேச்சில் உப்பும் தண்ணீரில் கரைகிறது, பனிக்கட்டியும் கரைகிறது. வேதியியலிலோ உப்பு கரைகிறது, பனிக்கட்டி உருகுகிறது. முதலாவதற்கு இரண்டு பொருள் வேண்டும், இரண்டாவதற்கு ஒன்று போதும். 'காரம்' என்றால் நாக்கில் எரிவது என்று பிறந்ததிலிருந்து தெரிந்துவைத்திருக்கும் பிள்ளையிடம் அமிலத்துக்கு எதிரில் காரத்தை நிறுத்துகிறோம். வலிமையான அமிலம், செறிவான அமிலம் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன. ஆனால் முதலாவது எவ்வளவு முழுமையாக அயனியாகிறது என்பதைப் பற்றியது, இரண்டாவது நீரில் எவ்வளவு அமிலம் கலந்திருக்கிறது என்பதைப் பற்றியது. அதிகம் நீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமையானதும் செறிவு குறைந்ததும் ஆகும். இந்தச் சொற்களைப் பலகையில் எழுதி, வீட்டில் இதற்கு என்ன அர்த்தம், இங்கே என்ன அர்த்தம் என்று பிள்ளைகளையே சொல்லவைக்க ஒரு பாடவேளையை ஒதுக்கினால் அந்த நேரம் வீணாகாது. சோடியத்துக்கும் இரும்புக்கும் Na, Fe என்று பெயரோடு ஒட்டாத குறியீடு ஏன் என்ற கேள்விக்கும் அப்போதே பதில் சொல்லிவிடலாம்: நாட்ரியம், ஃபெர்ரம் என்ற லத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை அவை, சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1810களில் அந்த முறையைக் கொண்டுவந்தார்.

இன்னொரு வகைச் சொல் வழக்கும் உண்டு, ஆசிரியர்களே பரப்புவது. குளோரினுக்கு ஓர் எலக்ட்ரான் வேண்டும், அது தன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களை நிரப்ப ஆசைப்படுகிறது என்று சொல்லிவிடுகிறோம். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது, கதைபோல நினைவிலும் நிற்கிறது. கீத் டேபர் என்ற ஆய்வாளர் இதைத் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார்: இந்தக் கதையைப் பிடித்துக்கொண்ட மாணவர்கள் எல்லா வினையையும் எட்டு எலக்ட்ரான் ஆசையால் விளக்கப் பார்க்கிறார்கள், ஏற்கெனவே எட்டு நிரம்பிய மூலக்கூறுகள் ஏன் வினைபுரிய வேண்டும் என்று யோசிப்பதில்லை. அணுவுக்கு ஆசை கிடையாது. இருப்பது மின்விசைதான், நேர்மின் அணுக்கருவுக்கும் எதிர்மின் எலக்ட்ரானுக்கும் இடையில் ஈர்ப்பு. இதையும் பதினான்கு வயதுக்குப் புரியும்படி சொல்லலாம்.

பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது என்ற நம்பிக்கையும் இப்படி வேரூன்றியதுதான். நடப்பது நேர் எதிர்: உடைக்க ஆற்றல் செலவாகிறது, உருவாகும்போதுதான் வெளிவருகிறது. இரண்டு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் ஒரு பெரிய அளவு, பின்னால் வருகிறேன்) ஹைட்ரஜனின் பிணைப்பையும் ஒரு மோல் ஆக்சிஜனின் பிணைப்பையும் உடைக்கச் சுமார் 1370 கிலோஜூல் வேண்டும். நீராவியின் நான்கு மோல் பிணைப்புகள் உருவாகும்போது சுமார் 1850 கிலோஜூல் திரும்பி வருகிறது. மிச்சம் இருக்கும் 480தான் நாம் பார்க்கும் வெப்பம். செலவு, வரவு, மிச்சம் என்று ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டால் போதும், வெப்ப உமிழ் வினை என்பது வெறும் பெயராக நிற்காது.

சரி, மேடைச் சோதனைகளுக்கு வருகிறேன். எனக்கு அவற்றின் மேல் வெறுப்பு இல்லை. ஒரு நல்ல செயல்விளக்கத்தின் வேலை திகைக்கவைப்பது மட்டுமல்ல, தான் நினைத்தது தவறு என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்படி செய்வது. தராசின் ஒரு பக்கம் மெல்லிய இரும்பு இழைச் சுருளைத் தொங்கவிட்டு, மறுபக்கம் எடை வைத்துச் சமமாக்கிவிட்டு, இரும்பு இழையைக் கொளுத்தப்போகிறேன், எந்தப் பக்கம் தாழும் என்று கேளுங்கள். உடனே கொளுத்தக் கூடாது. ஒவ்வொருவரும் தன் விடையையும் காரணத்தையும் நோட்டில் எழுதிய பிறகுதான் தீப்பெட்டியைத் தொட வேண்டும். எரிந்தால் எடை குறையும் என்றுதான் பலரும் எழுதுவார்கள், விறகும் காகிதமும் எரிந்து சாம்பலாவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா. இழை பொறி பறக்க எரிகிறது, அந்தப் பக்கம் மெல்லத் தாழ்கிறது. அந்த நேரத்தில் வகுப்பில் நிலவும் அமைதி இருக்கிறதே, அதைத்தான் நான் வேதியியலைப் பரப்புவது என்பேன். எடை எங்கிருந்து வந்தது என்று இப்போது அவர்களே கேட்பார்கள், ஆக்சிஜன் என்ற பெயரை நாம் திணிக்க வேண்டியதில்லை. முன்கூட்டிச் சொல், கவனி, விளக்கு என்ற இந்த மூன்று படி முறைக்கு அறிவியல் கல்வியில் நீண்ட காலமாகவே இடமுண்டு. முதல் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் பல செயல்விளக்கங்கள் வேடிக்கையாகவே முடிந்துவிடுகின்றன.

பாதுகாப்பைப் பற்றியும் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். எளிதில் தீப்பற்றும் மெத்தனால் என்ற திரவத்தை ஊற்றி உலோக உப்புகளை எரித்துப் பல நிறச் சுடர் காட்டும் 'வானவில்' சோதனையில் ஆவி தீப்பற்றி மாணவர்கள் மோசமாகக் கருகிய விபத்துகள் நடந்திருக்கின்றன; அமெரிக்காவின் வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2014இல் இத்தகைய செயல்விளக்கங்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அதே நிறங்களைக் காட்ட மெத்தனால் தேவையே இல்லை. மரக்குச்சிகளை அந்த உப்புகளின் நீர்க்கரைசலில் முந்தைய நாளே ஊறவைத்து, சுடரில் ஒவ்வொன்றாகக் காட்டினால் போதும். ஒரு குழந்தையின் முகத்தில் தழும்பு விழுந்த பிறகு அந்த வகுப்பில் எவரும் வேதியியலை நேசிக்கப்போவதில்லை.

லேப் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. ஏப்ரகாம்ஸ், மில்லர் இருவரும் இங்கிலாந்துப் பள்ளிகளில் 25 செய்முறை வகுப்புகளை நேரில் பார்த்து 2008இல் எழுதினார்கள். மாணவர்கள் சொன்னதைச் செய்துமுடித்தார்கள், கருவிகளைக் கையாண்டார்கள், ஆனால் செய்ததை அறிவியல் கருத்தோடு சேர்த்து யோசிக்கவைப்பதில் அந்த வகுப்புகள் அவ்வளவாக வெற்றிபெறவில்லை. இதை வாசித்தபோது என் பள்ளி நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. பியூரெட் என்ற அளவுக் குழாயைத் திறந்து, நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, அளவை ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிவிடுவோம். எதற்காக நிறம் மாறியது என்று ஒருமுறைகூட எங்களுக்குள் பேசிக்கொண்டதாக நினைவில்லை. செய்முறை விளக்கத் தாளில் படிகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மிச்ச நேரத்தை 'இப்போது குடுவைக்குள் என்ன அயனிகள் மிதந்துகொண்டிருக்கின்றன' என்ற ஒரே கேள்விக்குக் கொடுக்கலாம். கருவி இல்லாத இடங்களுக்குச் சிற்றளவுச் சோதனைகள் இருக்கின்றன. ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் இரண்டு சொட்டுக் கரைசல்களைச் சேர்த்து கரையாமல் படியும் வீழ்படிவையோ நிற மாற்றத்தையோ பார்ப்பது. யுனெஸ்கோவும் பன்னாட்டு வேதியியல் ஒன்றியமும் இதை நெடுநாள் ஊக்குவித்து வந்திருக்கின்றன. செலவு குறைவு, கழிவு குறைவு, எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பில் எல்லோர் கையிலும் சோதனை இருக்கும். நான்கு பேர் செய்ய நாற்பது பேர் எட்டிப் பார்க்கும் நிலை மாறும். மூலக்கூறுகள் நகர்வதைத் திரையில் காட்டும் இலவச உருவகப்படுத்தல்களும் கிடைக்கின்றன, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் போல. அவை இரண்டாவது மூலைக்கு உதவும், உண்மையான சோதனைக்குப் பதிலாக நிற்காது.

வேதியியலே பாதி வகுப்பறையில் பிறந்த துறை என்று மாணவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வேதியியலாளர்களுக்கு நீரின் சூத்திரத்திலேயே ஒற்றுமை இல்லை. பலர் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்றே எழுதினார்கள். அசிட்டிக் அமிலம் ஒன்றுக்கே 19 வெவ்வேறு சூத்திரங்கள் புழக்கத்தில் இருந்ததை ஜெர்மன் வேதியியலாளர் கெகுலே தன் பாடநூலில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். அதே சமயம் இத்தாலியின் ஜெனோவாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கன்னிசாரோ, அணு நிறைகளைத் தன் மாணவர்களுக்கு எந்த வரிசையில் விளக்குகிறார் என்பதை 1858இல் ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டின் முடிவில் அது பிரதிகளாக வினியோகிக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்த இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் தனிம வரிசை அட்டவணையை உருவாக்கிய ரஷ்யர் மெண்டலீவ். ஒரு பாடத்திட்டம்தான் ஒட்டுமொத்தத் துறையின் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது! அந்த மெண்டலீவும் 1869இல் தன் அட்டவணைக்கு வந்து சேர்ந்தது, மாணவர்களுக்காகப் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தபோது தனிமங்களை எந்த வரிசையில் சொல்வது என்று திணறியதால்தான். அவர் விட்டுவைத்த காலி இடங்களைப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும். அவற்றில் ஒன்றுக்குரிய காலியம் 1875இல் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 4.7 கிராம் என்று அளந்தார் பிரெஞ்சு வேதியியலாளர் லெகோக் தெ புவாபோத்ரான். அந்தத் தனிமத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், இல்லை, 5.9 வாக்கில் இருக்க வேண்டும் என்று எழுதினார். உலோகத்தைத் தூய்மைப்படுத்தி மறுபடி அளந்தபோது 5.9தான் வந்தது. முதல் இருபது தனிமங்களை வரிசை மாறாமல் ஒப்பிக்கச் சொல்வதற்கு முன்னால் இந்த ஒரு கதையைச் சொன்னால், அந்த அட்டவணை எதற்கு உதவும் என்பது தெரிந்துவிடும்.

அன்றாட வாழ்க்கையிலிருந்து தொடங்கிப் பாடத்தை அமைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன, பிரிட்டனில் சால்டர்ஸ் பாடத்திட்டம், அமெரிக்காவில் 1988இல் வந்த கெம்காம் போல. நீர், எரிபொருள், மருந்து என்று தொடங்கி, தேவைப்படும் இடத்தில் கோட்பாட்டைக் கொண்டுவருவது. ஆர்வம் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் கதையிலேயே தங்கிவிட்டால் மூலக்கூறுவரை போகாமலே பாடம் முடிந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது, அதனால் எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை.

மோல் என்ற இடத்தில்தான் அதிகம் பேர் கைவிடுகிறார்கள் என்பது என் எண்ணம், ஒரு மோலில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கையான 6.022 × 10²³ என்பதை ஒரு தண்டனைபோல முன்னால் வைப்பதால். ஒரு சொட்டு நீரை மேசைமேல் விடுங்கள். அது சுமார் 0.05 கிராம். 18 கிராமில் ஒரு மோல் இருக்கிறது என்றால் இந்தச் சொட்டில் எத்தனை மூலக்கூறு என்று பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும், ஏறக்குறைய 1.7 × 10²¹ வரும். உலகத்தில் இருக்கும் சுமார் 800 கோடி பேருக்கும் அதைப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள். இருபதாயிரம் கோடிக்கு மேல், ஒவ்வொருவருக்கும், ஒரே சொட்டிலிருந்து. அதற்குள் மேசையில் இருந்த சொட்டும் காய்ந்து போயிருக்கும், அதில் இருந்தவை எங்கே போயின என்று கேட்பதற்கும் அதுவே சரியான நேரம்.

இவ்வளவும் செய்ய நேரம் எங்கே, பாடத்தை முடிக்க வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். வினாத்தாள் சமன்பாட்டை மட்டும் கேட்கும்வரை பிள்ளைகளும் பெற்றோரும் சமன்பாட்டைத்தான் கேட்பார்கள். பெரிய தேர்வை ஒரு தனி ஆசிரியரால் மாற்ற முடியாது, ஆனால் வகுப்பில் வைக்கும் சின்னத் தேர்வு அவர் கையில்தான் இருக்கிறது. அதில் ஒரே ஒரு கேள்வியைப் படமாக வரையும் கேள்வியாக வைக்கலாம்: கொதிக்கும் நீரின் குமிழி ஒன்றைப் பெரிதாக்கினால் உள்ளே என்ன தெரியும், வரைக. மதிப்பெண் போட வேண்டாம், படங்களை மட்டும் வாங்கிப் பாருங்கள். எத்தனை பேர் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியாகப் பிரித்து வரைந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, அந்தப் படங்களில் இரண்டைப் பெயர் சொல்லாமல் பலகையில் பெரிதாக வரைந்து, இதில் எது நீராவி என்று கேட்டு அடுத்த வகுப்பைத் தொடங்கலாம்.